கொல்லிமலை டிரிப் பிளான் இருக்கா? 70 வளைவு, ஆயிரம் படி... கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

வார லீவு வந்தாலே ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று ஒரே லிஸ்ட்டை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் பலர் இப்போது கொல்லிமலை பக்கம் வண்டியைத் திருப்புகிறார்கள். காரணம் பெரும்பாலும் செல்போனில் வரும் வீடியோக்கள்தான். பாம்பு மாதிரி வளைந்து ஏறும் ரோடு, மேலே இருந்து கொட்டும் ஆகாய கங்கை, மேகம் தொடும் வியூ பாயின்ட் என்று பார்த்ததும் உடனே கிளம்பத் தோன்றும்.

வீடியோ சொல்லாத விஷயமும் இருக்கிறது. கொல்லிமலை, ஒரு ஏரியைச் சுற்றி எல்லா ஸ்பாட்டும் அடுத்தடுத்து இருக்கும் டவுன் கிடையாது. பல கிராமங்கள் பரவிக் கிடக்கிற ஒரு பெரிய மலை. ஒரு ஸ்பாட்டில் இருந்து இன்னொன்றுக்குப் போகவே நேரம் பிடிக்கும். காலையில் ஏறி சாயங்காலம் இறங்கிவிடலாம் என்று போகிறவர்கள் பாதியைக்கூட பார்க்காமல், அசதியோடு இருட்டில் இறங்குகிறார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கொல்லிமலை எங்கே இருக்கு?

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. மலையின் மேல்பகுதி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேல். அதனால் ஊட்டி குளிரை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். பகலில் இதமாகவும், மார்கழி, தை மாத இரவுகளில் நன்றாகவே குளிராகவும் இருக்கும்.

தாலுகா தலைமையிடம் செம்மேடு. பஸ் ஸ்டாண்ட், கடைகள், ஹோட்டல், தங்கும் விடுதிகள் எல்லாம் பெரும்பாலும் செம்மேட்டையும், அதற்கு முன்னால் வரும் சோளக்காட்டையும் ஒட்டியே இருக்கின்றன. நாமக்கல், சேலம், ராசிபுரம் பக்கம் இருந்து பஸ் உண்டு. ரயிலில் வருபவர்கள் சேலம் - கரூர் பாதையில் உள்ள நாமக்கல் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் மாறி வரலாம்.

70 கொண்டை ஊசி வளைவு: ஏறுறதை விட இறங்குறதுதான் கஷ்டம்!

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வந்தால் அடிவாரம் காரவள்ளி. அங்கே ஆரம்பிக்கும் மலைப்பாதையில் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்தில் இருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20, ஆழியாறில் இருந்து வால்பாறை ஏறும் பாதையில் 40 என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் அளவு புரியும். ஒவ்வொரு வளைவிலும் அதன் நம்பர் எழுதிய பலகை இருக்கும். பின் சீட்டில் குழந்தைகள் அதை எண்ணிக்கொண்டே வருவார்கள். பாதிக்கு மேல் எண்ணிக்கை நின்று, வாந்தி ஆரம்பிப்பதும் வழக்கம்தான். வயிறு முட்ட டிபன் சாப்பிட்டுவிட்டு இந்த ரோட்டில் ஏறாமல் இருப்பது நல்லது. குமட்டல் வருபவர்களை முன் சீட்டில் உட்கார வைத்து, தூரத்தில் இருக்கும் ரோட்டைப் பார்க்கச் சொன்னால் ஓரளவு சமாளிக்கலாம்.

இன்னொரு பாதை முள்ளுக்குறிச்சி வழியாக வருகிறது. ராசிபுரம், ஆத்தூர் பக்கத்தில் இருந்து வருபவர்களுக்கும், வளைவுகளுக்குப் பயப்படுபவர்களுக்கும் அது வசதி. முதல் முறை கார் ஓட்டி வருபவர்கள் காரவள்ளி வழியாக ஏறி, முள்ளுக்குறிச்சி வழியாக இறங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

வளைவில் ஏறும்போது வண்டி திணறினால் கியரைக் குறைத்தால் போதும். இறங்கும்போது கதை வேறு. கீழே வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறும். சூடு ஒரு அளவைத் தாண்டினால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. கருகிய வாடை வந்தால் அதுதான் எச்சரிக்கை. உடனே ஓரமாக நிறுத்தி, வண்டியை நன்றாக ஆறவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பிரேக் டிரம் மேல் தண்ணீர் ஊற்றி ஆற வைக்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குவதுதான் டிரைவர்கள் சொல்லும் பழைய கணக்கு. அப்படி இறங்கினால் என்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்துவைக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், என்ஜினை ஆஃப் செய்துவிட்டு இறங்குவதும் தற்கொலைக்குச் சமம். என்ஜின் ஆஃப் ஆனால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் உதவியும் போய்விடும்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் வருபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் என்ஜின் பிடிமானம் குறைவு, இறக்கம் முழுக்க பிரேக்கை நம்பித்தான் வர வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்து, முதுகில் பையும் மாட்டியிருந்தால் சுமை இன்னும் கூடும். பத்து, பதினைந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி இறங்குங்கள். அவசரம் இல்லையென்றால் கியர் பைக்கிலேயே வந்துவிடலாம்.

மலைப்பாதையில் மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. குறுகலான இடத்தில் இறங்கும் வண்டிதான் ஒதுங்கி வழிவிட வேண்டும். இது ஏதோ மரியாதைக்காகச் சொல்வதில்லை, மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. வளைவுக்கு முன் ஹாரன் அடிக்க வேண்டும், வளைவில் ஓவர்டேக் கூடாது, வளைவிலேயே வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்கவே கூடாது. எதிரில் பஸ் வந்தால் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும். அதற்கு இடம்விட்டு முன்கூட்டியே நின்றுவிடுவது நல்லது.

ஆகாய கங்கை: 300 அடி அருவி, 50 மாடி ஏற்றம்

கொல்லிமலையின் ஹீரோ இதுதான். அறப்பளீஸ்வரர் கோயில் அருகே, ஐயாறு சுமார் 300 அடி உயரத்தில் இருந்து விழும் அருவி. நாலு பக்கமும் பாறையும் காடும் சூழ்ந்த பள்ளத்துக்குள் தண்ணீர் விழுவதால், பக்கத்தில் போவதற்கு முன்பே சாரல் முகத்தில் அடிக்கும். தண்ணீர் அதிகமாக இருக்கும் நாளில் பேசுவதே காதில் விழாது. இங்கே விழும் தண்ணீர் காட்டு வழியாக இறங்கி, மலையின் மறுபக்கம் திருச்சி மாவட்டத்தில் இருக்கும் புளியஞ்சோலைக்குப் போய்ச் சேர்கிறது.

ஆனால் அருவிக்கு வண்டி போகாது. கோயில் பக்கத்தில் இருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். ஒரு படி அரை அடி என்று வைத்தால்கூட 500 அடி. அதாவது கிட்டத்தட்ட 50 மாடிக் கட்டடத்தை லிஃப்ட் இல்லாமல் இறங்கி, குளித்துவிட்டு, திரும்ப ஏறுவதற்குச் சமம். படிகள் ஒரே அளவிலும் இல்லை. சில இடங்களில் செங்குத்தாக இருக்கும், ஈரத்தில் வழுக்கும்.

இறங்கும்போது எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் போவார்கள். ஏறும்போதுதான் தெரியும். நனைந்த துணி, குளித்த அசதி, காலியான வயிறு, உச்சி வெயில் எல்லாம் சேர்ந்து இளவட்டங்களையே பாதி வழியில் உட்கார வைத்துவிடும். இதய நோய், ஆஸ்துமா, முட்டி வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இந்தப் படிகளைத் தவிர்ப்பதே சரி. 'இவ்வளவு தூரம் வந்துட்டு பார்க்காம போறதா?' என்று வீட்டுப் பெரியவர்களை வற்புறுத்தி இறக்காதீர்கள். நடுவில் நெஞ்சு வலி வந்தால் அங்கிருந்து ஒருவரை மேலே கொண்டு வர படி ஒன்றுதான் வழி. பெரியவர்கள் மேலே கோயிலில் காத்திருக்கலாம், அங்கேயும் பார்க்க நிறைய இருக்கிறது.

காலையில் முதல் வேலையாக இறங்கிவிடுவது நல்லது. வெயில் ஏறுவதற்குள் மேலே வந்துவிடலாம், கூட்டமும் குறைவாக இருக்கும். வழுக்காத செருப்பு அல்லது ஷூ, தண்ணீர் பாட்டில், கொஞ்சம் கடலை மிட்டாயோ வாழைப்பழமோ கையில் இருக்கட்டும். பழத்தை வெளியே தெரியும்படி கவரில் தூக்கிக்கொண்டு போனால் குரங்கு பிடுங்கிவிடும்.

மழைக்காலத்தில் திடீரென்று தண்ணீர் வரத்து கூடும். அருவியில் மழையே இல்லாமல், மலையின் இன்னொரு பக்கம் மழை பெய்தாலும் வெள்ளம் வரும். தண்ணீரின் நிறம் சட்டென்று செம்மண் கலராக மாறினாலோ, இலை, குச்சி அதிகமாக அடித்து வந்தாலோ, யார் சொல்லும் வரையும் காத்திருக்காமல் வெளியே வந்துவிட வேண்டும். வெள்ளம் அதிகமான நாட்களில் குளிக்கத் தடை விதிப்பார்கள். தடை என்றால் வேறு வழியாகப் போகலாமா என்று பார்க்காமல் திரும்பிவிடுங்கள்.

அறுத்த மீன் துள்ளிய கோயில்

அறப்பளீஸ்வரர் கோயில் பழமையான சிவன் கோயில். தேவாரப் பாடல்களில் பெயர் சுட்டப்படும் வைப்புத் தலங்களில் ஒன்று. அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் இந்த சாமியின் மேல்தான். பக்கத்து ஓடையில் மீன் பிடித்து அறுத்துச் சமைத்தபோது, துண்டுகள் ஒன்று சேர்ந்து மீன்கள் உயிரோடு துள்ளிப் போனதாகத் தல வரலாறு சொல்கிறது. அதனால் இங்கே மீன் பிடிப்பது கிடையாது, பக்தர்கள் பொரி போடுவார்கள். பெரியவர்களும் குழந்தைகளும் மீன்களைப் பார்த்தே ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடலாம்.

படி இறங்க முடியாதவங்களுக்கு என்ன இருக்கு?

மாசிலா அருவியும் நம்ம அருவியும் இருக்கின்றன. ஆகாய கங்கை அளவுக்கு பிரமாண்டம் இல்லை. ஆனால் நடக்க வேண்டிய தூரம் குறைவு, குழந்தைகளோடு நின்று குளிக்க வசதி. குடும்பமாகப் போகிறவர்களுக்கு உண்மையில் இவைதான் நல்ல சாய்ஸ். சந்தனப்பாறை அருவி என்று இன்னொன்றும் உண்டு.

வாசலூர்பட்டியில் படகு சவாரி. ஊட்டி ஏரியை நினைத்துப் போனால் ஏமாற்றம்தான், சின்ன ஏரி. அரை மணி நேரம் மிதிபடகு ஓட்ட ஓகே. தோட்டக்கலைத் துறையின் தாவரவியல் பூங்காவும் அப்படியே, குழந்தைகள் இருந்தால் போகலாம்.

சீக்குப்பாறை வியூ பாயின்ட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். கீழே சமவெளியும், ஏறி வந்த ரோட்டின் மடிப்புகளும் தெரியும். மூடுபனி இருந்தால் ஒன்றுமே தெரியாது. பத்து நிமிடம் காத்திருந்தால் திரை விலகுவதுபோல விலகும். சேலூர் நாடு பக்கமும் ஒரு வியூ பாயின்ட் இருக்கிறது. கம்பிக்கு அந்தப் பக்கம் போய் போட்டோ எடுப்பது எந்த வியூ பாயின்ட்டிலும் வேண்டாம்.

கொஞ்சம் நடக்கத் தெம்பு இருப்பவர்களுக்கு மாசி பெரியசாமி கோயில். மலை உச்சியில் இருக்கும் காவல் தெய்வம். நேர்த்திக்கடனாக பக்தர்கள் வேல் நட்டு வைப்பார்கள். கிடா வெட்டிப் பொங்கல் வைக்கும் குடும்பங்களையும் பார்க்கலாம். அது அவர்கள் வீட்டு விசேஷம், கேட்காமல் வீடியோ எடுக்காதீர்கள்.

வல்வில் ஓரி யாரு?

செம்மேட்டில் ஒரு சிலை இருக்கும். கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி. சுமார் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் இந்த மலையை ஆண்டவர். ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்ததாக வன்பரணர் என்ற புலவர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அதே பாட்டில், காட்டில் பார்த்த வேட்டைக்காரர் யாரென்றே தெரியாமல் பாணர்கள் பாட, அவர் இறைச்சியும் தேனும் பொன்னும் கொடுத்து அனுப்பியதாகவும் வருகிறது.

ஓரியின் முடிவு சோகமானது. திருக்கோவிலூர் பக்கம் ஆண்ட மலையமான் திருமுடிக்காரி போரில் ஓரியைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டார். இதில் ஒரு சுவாரஸ்யம், ஓரியின் குதிரைக்குப் பெயரும் ஓரி, காரியின் குதிரைக்குப் பெயரும் காரி!

ஒவ்வொரு வருடமும் ஆடி 18-ஐ ஒட்டி, ஆகஸ்ட் தொடக்கத்தில், வல்வில் ஓரி விழா அரசு விழாவாக நடக்கிறது. கலை நிகழ்ச்சி, வில்வித்தைப் போட்டி, மலர்க் கண்காட்சி எல்லாம் உண்டு. விழாவைப் பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் சரி. அமைதியாக அருவியைப் பார்க்க வேண்டும் என்றால் அந்த ரெண்டு மூணு நாளைத் தவிர்ப்பது உத்தமம்.

சங்க இலக்கியத்தில் அடிக்கடி வரும் இன்னொரு பெயர் கொல்லிப்பாவை. அழகாகச் சிரித்து மயக்கி, எதிரிகளைக் கொன்றுவிடும் பாவை என்பது ஐதிகம். மலைக்குப் பெயர் வந்ததே அதனால்தான் என்பவர்களும் உண்டு. எட்டுக்கை அம்மன் கோயிலில் இருப்பது அந்தக் கொல்லிப்பாவைதான் என்று மக்கள் கும்பிடுகிறார்கள்.

இது சுற்றுலாத் தலம் மட்டும் இல்ல

வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு... போர்டுகளில் இப்படி 'நாடு' என்று முடியும் பெயர்களைப் பார்க்கலாம். கொல்லிமலையில் 14 ஊராட்சிகள். பெரும்பாலானவை இப்படிப்பட்ட பழைய நாட்டுப் பெயரிலேயே இருக்கின்றன.

இங்கே அதிகம் வாழ்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். கேரளாவுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர்கள் என்ற அர்த்தத்தில் மலையாளி, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்தில் இருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் மூன்று மலைகளில் குடியேறினார்கள், அவர்களின் வழிவந்தவர்கள்தான் நாங்கள் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை.

சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு என்று சிறுதானியத்துக்குப் பேர் போன மலை இது. ஆனால் ரோடு வந்து, கீழே ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்குக்குக் காசு கிடைக்க ஆரம்பித்ததும், தானியம் விளைந்த நிறைய நிலம் கிழங்குக்கு மாறிவிட்டது. சாமை, தினையை உமி நீக்கி அரிசியாக்குவது பெண்கள் உலக்கையில் குத்தும் வேலையாக இருந்ததும் ஒரு காரணம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து இங்கே விவசாயிகளோடு சேர்ந்து, பாரம்பரிய விதைகளைக் காப்பது, ஊருக்குள் அரைவை இயந்திரம் வைப்பது, மகளிர் குழுக்கள் மூலம் விற்பது என்று வேலை செய்து வருகிறது. ஒரு பாக்கெட் சாமை அரிசியை மகளிர் குழுவிடம் வாங்கினால் அந்தக் காசு நேராக இந்த மலைக்குள்ளேயே நிற்கும்.

சைவ ஆட்டுக்கால் சூப்: குடிக்கலாமா?

கோயில், அருவி பக்கம் போனால் பழுப்பு நிற முடியோடு, ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும் ஒரு கிழங்கை விற்பார்கள். முடவாட்டுக்கால் கிழங்கு. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒருவகைப் பெரணிச் செடியின் தண்டு அது. தோலைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப் போட்டு சூப் வைத்தால் ஆட்டுக்கால் சூப் வாடையே வரும். அருவிப் படி ஏறி வந்தவர்களுக்குச் சுடச்சுட ஒரு கிளாஸ் கிடைத்தால் தேவாமிர்தம்.

முட்டி வலி பறந்துவிடும், எலும்பு தேய்மானம் சரியாகிவிடும் என்று சொல்லித்தான் விற்பார்கள். மலை மக்கள் பரம்பரையாகப் பயன்படுத்தும் பொருள் என்பது உண்மை. அதற்காக டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு சூப்பை நம்பக்கூடாது. இது தோட்டத்தில் பயிராவது இல்லை, காட்டில் இருந்து எடுத்து வருவது. ஆசைக்கு ஒரு கிளாஸ் குடியுங்கள், கிலோ கணக்கில் மூட்டை கட்ட வேண்டாம்.

வீட்டுக்கு வாங்க வேண்டியது மிளகும் காபிக் கொட்டையும். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியும் அதன் நிழலில் காபியும் ரோட்டோரத்திலேயே பார்க்கலாம். மிளகு அறுவடை தை, மாசி பக்கம். பலாவும் அன்னாசியும் கோடையில் சோளக்காட்டுச் சந்தையில் குவியும். மலைத்தேன் மட்டும் உஷார். அடையோடு கண்ணெதிரே பிழிந்தாலும் எல்லாம் அசல் என்று சொல்ல முடியாது. தெரிந்த குழு அல்லது அரசு விற்பனை நிலையத்தில் வாங்குவது நல்லது.

எப்போ போகலாம், எத்தனை நாள்?

அருவியில் தண்ணீர் வேண்டும் என்றால் புரட்டாசி முதல் தை வரை. கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் மட்டும் வேண்டாம், மண் சரிவில் ரோடு அடைபடலாம். சித்திரை, வைகாசியில் தண்ணீர் குறைந்துவிடும், ஆனால் பலாப்பழ சீசன்.

ரெண்டு நாள் வைத்துக்கொண்டால் கொல்லிமலை உண்மையிலேயே ஜாலியான டிரிப். முதல் நாள் காலையில் நாமக்கல்லில் 18 அடி ஆஞ்சநேயரைப் பார்த்துவிட்டு, சாப்பாடு முடித்து மெதுவாக மலை ஏறலாம். மதியம் செம்மேட்டில் ரூம் போட்டு, படகு, பூங்கா பார்த்து, சாயங்காலம் சீக்குப்பாறை. ரெண்டாம் நாள் விடிந்ததும் அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை. ஏறி வந்து சூப், சாப்பாடு. கால் ஒத்துழைத்தால் மாசிலா அருவி, இல்லையென்றால் அதை விட்டுவிடலாம்.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் ஆகாய கங்கை அல்லது மற்ற இடங்கள், இரண்டில் ஒன்றை மட்டும் தேர்வு செய்யுங்கள். இரண்டையும் திணித்தால், ஆயிரம் படி ஏறி நடுங்கும் காலோடு 70 வளைவை இறக்க வேண்டியிருக்கும். டிரைவர் ஒருவர்தான் என்றால், மற்றவர்கள் அருவிக்கு இறங்கும் நேரத்தில் அவர் மேலே தூங்கி ஓய்வெடுக்கட்டும்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை. அடிவாரச் சோதனையில் பை பார்ப்பார்கள், மதுபாட்டிலும் சிக்கும். பெட்ரோல், டீசலை சேந்தமங்கலத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மலை மேலே எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது, அதனால் ஆன்லைன் பணத்தை மட்டும் நம்பாமல் கையில் கொஞ்சம் சில்லறையும், மேப்பை முன்கூட்டியே டவுன்லோடும் செய்துகொள்வது நல்லது. திரும்பும் நாளில் மாலை 4 மணிக்குள் செம்மேட்டை விட்டுக் கிளம்பினால், வெளிச்சம் இருக்கும்போதே கடைசி வளைவைத் தாண்டிவிடலாம்.